சீமாட்டியின் கடைசி வாரம்

"அதை எடுத்து வெளிய வையிட்டி. அது பெட்டிக்குள்ள போகக் கூடாது."

"என் பாகம், என் பெட்டி. நீங்க யாருக்கா..."

"கடலைத் தாண்டிக் கொண்டுபோவியா? தெருவைத் தாண்டியே..."

"...கேக்கதுக்கு? பங்கு பிரிச்சுக் குடுத்தது..."

"...தெருவைத் தாண்டியே இந்த வீட்டுப் புஸ்தகம் போகக் கூடாதுன்னு அத்தை சொன்னது மறந்துபோச்சா உனக்கு?"

"அத்தை தெருவைத்தான் சொன்னாவ. அமெரிக்காவைச் சொல்லலை."

நீலாம்பாள் புத்தகத்தைத் தானே வெளியே எடுக்கக் குனிந்தாள். ஓரகத்தி சங்கரி பெட்டியின் மூடியைப் பாதி சாத்திவிட்டாள். சங்கரியின் புருஷன் குற்றாலலிங்கம் அந்த நேரம் பார்த்துப் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். பெட்டியை மூடுவதற்காக உட்கார்ந்தாரா, சண்டையிலிருந்து தப்பிக்க உட்கார்ந்தாரா என்பது அவருக்கே தெரியாது.

"கொழுந்தனாரே, எந்திரிங்க."

"எந்திரிக்காதிய. பூட்டைப் போடுங்க."

குற்றாலலிங்கம் எழுந்திருக்கவும் இல்லை, பூட்டைப் போடவும் இல்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் கற்றுக்கொண்ட வித்தை அது.

பெட்டிக்குள் இருந்தது என்னவென்றால், ஒரு பாதிக் கதை. அந்தக் காலத்தில் ஒரு வாரப் பத்திரிகையில் 'சேரன்மாதேவிச் சீமாட்டி' என்று ஒரு தொடர்கதை வந்தது. இவர்களுடைய மாமனார் ஆறுமுகநயினார் வாராவாரம் அதைக் கத்தரித்து, ஒவ்வொரு வாரத்தின் தலையிலும் ஊதா மையில் தன் முத்திரையைக் குத்தி, பச்சைத் துணி முதுகு வைத்து இரண்டு பாகமாக பைண்டு பண்ணி வைத்திருந்தார். அவர் இருந்தவரை அலமாரிச் சாவி அவரிடம்தான், மருமகள்கள் அந்தப் புத்தகங்களைத் தொட்டதே இல்லை. அவர் காலத்துக்குப் பிறகு மகன்கள் இருவரும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். வீட்டுக்கு நடுவே சுவர் எழும்பியது. கிணற்றின் மேலேயும் சுவர் ஏறி, இந்தப் பக்கம் அரைக் கிணறு, அந்தப் பக்கம் அரைக் கிணறு ஆயிற்று. பங்கு வைக்க வந்த பெரியவர்கள் அலமாரியைத் திறந்து பார்த்தார்கள். ஒரே அளவு, ஒரே பச்சை, இரண்டு புத்தகம். ஆளுக்கு ஒன்று என்று வைத்துவிட்டார்கள். ஒரே கதையின் தலையும் வாலும் என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

தலை நீலாம்பாளுக்கு. வால் சங்கரிக்கு.

அன்றிலிருந்து இருபத்தெட்டு வருஷம். முதல் பாகத்தின் முடிவில் செண்பகவல்லி என்ற ஜமீன்தார் மகள் படகிலிருந்து தாமிரபரணிக்குள் விழுகிறாள். விழுந்தவள் செத்தாளா, பிழைத்தாளா? நீலாம்பாளுக்குத் தெரியாது. "நீ மொதல்ல உன் பாகத்தைத் தா" என்பாள் இவள். "நீங்க மொதல்ல தாங்க" என்பாள் அவள். முதலில் கொடுப்பவள் ஏமாந்தவள் என்பதில் இருவருக்கும் சந்தேகமே இல்லை. நடுவே எத்தனையோ கல்யாணம், சடங்கு, பொங்கல். எல்லாவற்றுக்கும் சுவரைச் சுற்றிக்கொண்டு போய் வந்தார்கள், ஒருத்தி வைத்த குழம்பை ஒருத்தி குறை சொன்னார்கள். கதை மட்டும் சுவரைத் தாண்டவில்லை.

இப்போது சங்கரி அமெரிக்காவில் இருக்கும் மகள் அனுராதாவின் பிரசவத்துக்குப் போகிறாள். வெள்ளிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னை, அங்கிருந்து விமானம். ஆறு மாசம் என்று சொல்கிறார்கள். போனவர்கள் ஆறு மாசத்தில் வந்த சரித்திரம் இந்தத் தெருவில் இல்லை.

"எனக்கு அறுபத்திரண்டு ஆவுதுட்டி," என்றாள் நீலாம்பாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "அவ செத்தாளா, பிழைச்சாளா? அதை மட்டும் சொல்லிட்டுப் போ."

"யாரு?"

"செண்பகவல்லிட்டி!"

"அப்படி ஒருத்தியே என் பாகத்துல கிடையாது. இதுல மரகதம்னு ஒரு திருட்டு முண்டைதான் வாரா. அரண்மனைச் சாவியைத் தூக்கிக்கிட்டு ஓடுதா."

"செண்பகவல்லி இல்லையா? அப்ப செத்தேபோயிட்டாளா?"

"எனக்கு எப்படித் தெரியும்? மொதப் பாகத்தைத் தந்தாத்தானே யாரு யாருன்னு புரியும்!"

இந்தச் சத்தம் கேட்டுத்தான் நீலாம்பாளின் மகன் நடராஜ் உள்ளே வந்தான். பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறவன். வாய் திறந்தால் ரெண்டாயிரமாவது வருசம் வரப்போவுது, எல்லாம் மாறப்போவுது என்பான்.

"அம்மா, சித்தி, ரெண்டு பேரும் ஒரு நிமிசம் சும்மா இருங்க. ரெண்டு புஸ்தகத்தையும் என்கிட்ட தாங்க. ஸ்கேன் பண்ணி ஒரு சி.டி.யில போட்டுத் தாரேன். ஆளுக்கு ஒண்ணு. உங்க ரெண்டு பேருகிட்டயும் முழுக்கதை இருக்கும். யாரும் யாருக்கும் எதுவும் குடுக்க வேண்டாம்."

இருவரும் அவனைப் பார்த்தார்கள்.

"குடுக்காமலே ரெண்டு பேருக்கும் முழுசாக் கிடைக்குமா?" என்றாள் சங்கரி.

"கிடைக்கும் சித்தி. இனிமே உலகத்துல எல்லாப் புஸ்தகமும் அப்படித்தான். தாளு, பைண்டு, செல்லு, கரையான் எல்லாம் ஒழிஞ்சுது. ஸ்கேன் பண்ணின பிறகு இந்த ரெண்டையும் பழைய பேப்பர்க்காரன்கிட்ட போட்டாக்கூட..."

"ஏலே!"

இரண்டு தொண்டையிலிருந்தும் ஒரே சமயத்தில் வந்தது. குற்றாலலிங்கம் பெட்டியை விட்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் காலை ஒரே ஆட்டோவில் இருவரும் புறப்பட்டார்கள். ஆளுக்கொரு புத்தகம், ஆளுக்கொரு துண்டில் சுற்றி, மடியில். பச்சைப்பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதுபோல. ஆற்றுப் பாலத்தில் ஆட்டோ ஏறியதும் நீலாம்பாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அத்தை, மன்னிச்சுக்கிடுங்க. தெருவைத் தாண்டியாச்சு, ஆத்தையும் தாண்டுதோம்."

"கண்ணைத் தொறந்து பாருங்கக்கா. இந்தத் தண்ணிக்குள்ளதானே உங்க செண்பகவல்லி விழுந்தா?"

"இங்கன இல்லட்டி, இன்னும் மேக்க. சேரன்மாதேவிப் பக்கம்."

"விழுந்திருந்தா இங்கனதானே மிதந்து வந்திருப்பா."

"வாயைக் கழுவு!"

கம்ப்யூட்டர் சென்டரில் ஷமீம் இருந்தாள். மேலப்பாளையத்துப் பெண், நடராஜோடு கூட்டுச் சேர்ந்து அந்த சென்டரை நடத்துகிறாள், பாடமும் எடுக்கிறாள். புத்தகங்களை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள்.

"பைண்டைப் பிரிச்சுத் தனித்தனித் தாளா எடுத்துட்டா சீக்கிரம் முடியும் பெரியம்மா."

"பிரிக்கவா?" என்றாள் சங்கரி. "எங்க வீட்டுல பிரிச்சது போதும்மா."

"சரி, பிரிக்கலை. இந்த ஊதா முத்திரை எழுத்து மேல விழுந்திருக்கு. இதைக் கம்ப்யூட்டர்ல அழிச்சிரட்டா?"

"அது எங்க மாமா."

"சரி, இருக்கட்டும். இந்தப் பின்பக்கத்துக் கூந்தல் தைல விளம்பரம், பாதி ஜோசியம், இதெல்லாம்..."

"அந்தக் கூந்தல்காரியைத் தாண்டாம எனக்குப் பன்னெண்டாம் அத்தியாயம் ஓடாதும்மா," என்றாள் நீலாம்பாள். "எல்லாம் இருக்கட்டும்."

ஷமீம் சிரித்தாள். "உங்களுக்குக் கதை வேணுமா, புஸ்தகம் வேணுமா பெரியம்மா?"

"ரெண்டும் வேற வேறயா?"

ஷமீம் ஸ்கேனரின் மூடியைத் திறந்தாள்.

நடராஜ் ஒரு சி.டி.யைக் கொண்டுவந்து காட்டினான். "பாரும்மா. இதுக்குள்ள ஆயிரம் புஸ்தகம் அடங்கும்."

நீலாம்பாள் அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். வானவில் அடித்தது. அவள் முகமும் தெரிந்தது. "அழகாத்தான் இருக்கு. ஆனா ஒரு எழுத்துக்கூடத் தெரியலையேலே."

"மிசின்ல போட்டாத் தெரியும்."

"ஜனவரி ஒண்ணாந்தேதி எல்லா மிசினும் நின்னு போயிருமாமே? பேப்பர்ல போட்டிருந்தான்."

"அதெல்லாம் சரி பண்ணிட்டாங்கம்மா. நின்னு போகப்போறது தாளுதான். புஸ்தகம் செத்துபோச்சு."

"தண்ணிக்குள்ள விழுந்தவளை எல்லாம் செத்துட்டான்னு சொல்லக் கூடாதுலே," என்றாள் நீலாம்பாள். "கடைசி வாரம் வரைக்கும் பாக்கணும்."

முதல் நாளே முதல் பாகத்தை முடித்துவிட்டார்கள். சங்கரி படித்துவிடக் கூடாதே என்று நீலாம்பாள் ஒவ்வொரு பக்கத்தையும் குப்புறப் பிடித்துக் கொண்டுவந்து கண்ணாடி மேல் வைத்தாள். அடுத்த நாள் சங்கரியின் முறை. அவள் இன்னும் ஒரு படி மேலே போய், முந்தானையால் புத்தகத்தை மூடிக்கொண்டே பக்கம் திருப்பினாள். நீலாம்பாள் எட்டி எட்டிப் பார்த்தாள். முந்தானைப் பூவைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

ஆனால் கொஞ்ச நேரமாக நீலாம்பாள் எட்டிப் பார்க்கவே இல்லை. சாந்தமாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சங்கரிக்குச் சந்தேகம் தட்டியது.

"என்னக்கா, சத்தத்தையே காணோம்?"

"ஒண்ணும் இல்லையே."

சங்கரி மெல்லத் திரும்பிப் பார்த்தாள். ஷமீமுக்கு முன்னால் இருந்த கம்ப்யூட்டர் திரையில் இரண்டாம் பாகத்தின் பக்கம் தலையணை அகலத்துக்கு விரிந்து கிடந்தது. எழுத்து ஒவ்வொன்றும் அவரைவிதை பெரிசு. நீலாம்பாள் கண்ணாடிகூடப் போடாமல் படித்துக்கொண்டிருந்தாள்.

"அடப்பாவி! நான் இங்கன தாளை மூடிக்கிட்டு இருக்கேன், நீங்க அங்கன..."

"மூடினது நீ. தொறந்தது மிசின். என்கிட்ட ஏன் கோவிக்க?"

"ஷமீம், அதை அமத்தும்மா!"

"அமத்தாத! மரகதம் சாவியை எடுத்துக்கிட்டு நிலவறைக்குள்ள இறங்குதா, பின்னால ஒருத்தன்..."

கரண்ட் போயிற்று.

திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. மூலையில் ஒரு பேட்டரிப் பெட்டி மட்டும் கீச் கீச் என்று கத்திவிட்டு அதுவும் ஓய்ந்தது.

"பின்னால எவன்?" என்றாள் நீலாம்பாள்.

நடராஜ் தலையில் கையை வைத்துக்கொண்டான். "இன்னைக்கு மாசாந்திர ஷட்டவுன்மா. மறந்தே போனேன். இனி சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான்."

"அஞ்சு மணி வரைக்கும் அவ நிலவறைக்குள்ளயே நிக்கவா?"

ஜன்னல் வழியாக வெயில் வந்து சங்கரியின் மடியில் விழுந்தது. அங்கே முந்தானைக்குள் இரண்டாம் பாகம் கிடந்தது. அதற்குக் கரண்ட் வேண்டியதில்லை. நீலாம்பாள் பார்த்தாள். சங்கரி பார்த்தாள். ஷமீம்கூடப் பார்த்தாள்.

"குடுட்டி," என்றாள் நீலாம்பாள்.

"மொதப் பாகம்?"

"தாரதுக்கு இல்ல. வாசிக்கேன். நீ கேளு. அப்புறம் நீ உன்னதை வாசி, நான் கேக்கேன். புஸ்தகம் கைமாறலை. அத்தைக்கும் குத்தம் இல்ல."

சங்கரி யோசித்தாள். சட்டத்தில் ஓட்டை இருக்கிறதா என்று தேடினாள். இல்லை.

"வாசிங்க," என்றாள்.

நீலாம்பாள் துண்டைப் பிரித்தாள். பாதியை வாசித்தாள், பாதியைச் சொன்னாள். ஜமீன்தார் வந்தால் நெஞ்சை நிமிர்த்தினாள், கணக்குப்பிள்ளை வந்தால் மூக்கால் பேசினாள். டைப்பிங் கற்க வந்த பெண்கள், கரண்ட் இல்லை, வீட்டுக்குப் போகலாம் என்று எழுந்தவர்கள், மறுபடி உட்கார்ந்தார்கள். ஷமீம் தன் டிபன் பாக்ஸைத் திறந்து எல்லாருக்கும் நீட்டினாள். சங்கரி நடுநடுவே குறுக்கிட்டாள்.

"ஓஹோ, அந்தக் கணக்குப்பிள்ளைக்கு மொதல்ல ரெண்டு கண்ணும் இருந்துதா? என் பாகத்துல ஒத்தைக்கண்ணன். நான் பொறவியிலேன்னுல்லா நினைச்சேன்."

"ஒத்தைக்கண்ணன் ஆனானா? நல்லா வேணும்!"

செண்பகவல்லி பொய் சொல்ல நேரும்போதெல்லாம் முந்தானை நுனியில் மூன்று முடிச்சுப் போடுவாள் என்ற இடம் வந்தது. சங்கரி நிமிர்ந்தாள்.

"என்ன சொன்னிய?"

"மூணு முடிச்சு. பொய் சொல்லும்போது. அவளுக்கு அது சின்ன வயசுப் பழக்கம்."

சங்கரி வாயைக் கையால் மூடிக்கொண்டாள். பிறகு மடமடவென்று தன் புத்தகத்தைத் திறந்தாள். மூடி மறைக்க மறந்துபோனாள். விரலை ஒரு வரியின் மேல் வைத்துப் புத்தகத்தை அப்படியே நீலாம்பாளின் முகத்துக்கு முன்னால் நீட்டினாள். "இங்கன பாருங்க! 'மரகதம் முந்தானை நுனியில் மூன்றாவது முடிச்சையும் இறுக்கியபடி, நான் அனாதை என்றாள்.' அக்கா! இந்தத் திருட்டு முண்டை..."

"செண்பகவல்லி!"

"உங்க செண்பகவல்லி!"

"பிழைச்சுட்டா!"

"இத்தனை வருசமா அவளைத் திருடி திருடின்னு ஏசியிருக்கேனே! அவ அரண்மனைச் சாவி, அவ எடுத்திருக்கா!"

இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். டைப்பிங் பெண்கள் கை தட்டினார்கள். முதல் பாகத்தில் அவளுக்கு இருந்த பழக்கம் இரண்டாம் பாகத்திலும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்திருந்தால் முதல் வருஷமே தெரிந்திருக்கும்.

அதற்கப்புறம் சங்கரி வாசித்தாள். அவள் குரல் நீலாம்பாளுடையதைப்போல ஏறி இறங்காது, அடக்கமாக ஒரே ஓட்டமாக ஓடும். நிலவறை, தீப்பந்தம், ஒற்றைக்கண் கணக்குப்பிள்ளை. வெயில் ஜன்னலின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போயிற்று. மரகதம் சேரன்மாதேவி அரண்மனைக் கதவைத் தட்டினாள். கண் மங்கிப்போன ஜமீன்தார் உள்ளேயிருந்து "யார்?" என்று கேட்டார். அவள் முந்தானை நுனியைக் கையில் எடுத்தாள்.

சங்கரி நிறுத்தினாள்.

"வாசிட்டி!"

"அடுத்த வாரம் முடியும்."

"என்னது?"

"அப்படித்தான் போட்டிருக்கு. 'அடுத்த வாரம் முடியும்.'"

நீலாம்பாள் புத்தகத்தைச் சங்கரியின் கையிலிருந்தே பிடுங்கினாள். இருபத்தெட்டு வருஷத்தில் முதல்தடவையாக இரண்டாம் பாகம் அவள் கைக்கு வந்தது. பக்கத்தைத் திருப்பினாள். தடித்த அட்டை. பச்சைத் துணி. அவ்வளவுதான்.

"மிச்சம் எங்கட்டி?"

"கிடையாது."

"கிழிச்சுட்டியா?"

"ஐயோ, நான் ஏன் கிழிக்கேன்? அத்தை எனக்கு மட்டும் சொன்னாவ. அந்தக் காலத்துல பக்கத்து வீட்டுல குலசேகரன்பட்டினத்துக்காரங்க வாடகைக்கு இருந்தாங்களாம். ஹமீது பீவின்னு ஒரு அம்மா. வாராவாரம் அத்தைகிட்ட வாங்கி இந்தக் கதையைப் படிக்குமாம். பைண்டு பண்ணக் குடுக்கதுக்கு முந்தின நாளு கடைசி வாரத்தை, 'ராத்திரி படிச்சுட்டுக் காலையில தாரேன்'னு வாங்கிட்டுப் போச்சாம். காலையில பினாங்குல இருந்து தந்தி வந்து, குடும்பமே கப்பலேறிப் போயிட்டுது. அன்னைக்குத்தான் அத்தை சொன்னாவளாம், இந்த வீட்டுப் புஸ்தகம் இனிமே தெருத் தாண்டாதுன்னு."

"அப்ப உனக்கும் முடிவு தெரியாது?"

"தெரியாது."

"முடிவு என்கிட்டல்லா இருக்குன்னு கழுத்தை நிமித்திக்கிட்டு அலைஞ்சியே!"

"உங்களுக்குத் தெரியாதது ஒண்ணாவது எனக்குத் தெரியுதுன்னு இருக்க வேண்டாமாக்கா?" என்றாள் சங்கரி. "எனக்கு முன்னாலயே வந்திய. மாமா எல்லாத்தையும் உங்ககிட்டதான் சொன்னாவ. வீட்டுல எல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். கடைசியில நான் வச்சிருந்தது ஒரு அட்டை. அதை எப்படித் தர?"

நீலாம்பாளுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். அவளும் அதைத்தான் எதிர்பார்த்தாள். வந்ததோ சிரிப்பு. அடிவயிற்றிலிருந்து கிளம்பித் தோள் குலுங்கி, கண்ணில் தண்ணீர் வந்து, மூக்குக் கண்ணாடி நழுவி மடியில் விழுந்தது. "ஒரு அட்டைக்காட்டி... ஒரு அட்டைக்கா நான் இத்தனை வருசம் உன்னோட..." சங்கரியும் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்து முடித்தபோது கரண்ட் வந்துவிட்டிருந்தது. யாரும் கவனிக்கவில்லை.

ஷமீம்தான் கவனித்தாள். "நடராஜ் அண்ணே," என்றாள், "உலகம் பூராவும் இருக்கிற தமிழாளுங்க மெயில் போட்டுக்கிடுற குழு ஒண்ணு இருக்குல்லா, உங்க அனுராதாகூட அதுல இருக்காங்களே. அங்க கேட்டுப் பாப்போமா? பினாங்குல இல்லாத தமிழாளுங்களா?"

"நாப்பது வருசத்துக்கு முந்தி போன தாளும்மா," என்றாள் நீலாம்பாள். "புட்டு மடிக்கப் போயிருக்கும்."

"கேட்டா என்ன குறைஞ்சா போயிருவோம் பெரியம்மா?"

கேட்டார்கள். கதையின் பேர், ஊர், தெரு, ஹமீது பீவி என்ற பேர் எல்லாம் போட்டு நடராஜ் எழுதினான். அடுத்த நாள் ஒன்றும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. சங்கரி ஊறுகாய் ஜாடியைத் துணி சுற்றிப் பெட்டியில் வைத்தாள். நீலாம்பாள் அரைக் கிணற்றுச் சுவரோரம் நின்று, "வந்துதாட்டி?" என்று கேட்பாள். "உங்க மகன்கிட்டல்லா கேக்கணும்" என்று பதில் வரும். இருபத்தெட்டு வருஷமாக ஒருத்தி கேட்டு ஒருத்தி மறுத்த கேள்வியை இப்போது இருவரும் சேர்ந்து ஒரே பக்கம் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அது நீலாம்பாளுக்குப் புதுசாகவும் கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் நடராஜ் போன் பண்ணினான். "ரெண்டு பேரும் உடனே வாங்க."

பினாங்கிலிருந்து ஃபர்ஹத் என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். ஷமீம் சத்தமாக வாசித்தாள். "ஹமீது பீவி என் மாமியார். எண்பது வயது, நலமாக இருக்கிறார். நீங்கள் கேட்கும் தாள் அவர் பெட்டியில் இருக்கிறது. யாரையும் தொட விடமாட்டார். உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டியபோது இப்படி எழுதச் சொன்னார்: 'காலையில் தருவதாக வாங்கினேன். கொஞ்சம் தாமதமாகிவிட்டது.'"

"கொஞ்சமா!" என்றாள் சங்கரி.

"படத்தோட அனுப்பியிருக்காங்க. இறங்குது பாருங்க."

திரையில் படம் மேலேயிருந்து வரிவரியாக இறங்க ஆரம்பித்தது. முதலில் வெறும் சாம்பல். பிறகு எழுத்தின் தலைகள். பிறகு எழுத்து. நீலாம்பாளும் சங்கரியும் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதி உட்கார்ந்திருந்தார்கள்.

"'யார் என்று கேட்டீர்களே,'" என்று சங்கரி வாசித்தாள், "'சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்...' அடுத்த வரி எங்க?"

"இறங்குது சித்தி. போன் வயர் வழியா வரணும்லா."

"'ஆனால் அதற்கு முன் கதவைத் திறவுங்கள். தாழ்ப்பாள் நகரும் ஓசை கேட்டது. கதவு திறந்தது. உள்ளே நின்றது...'"

படம் நின்றுவிட்டது.

"உள்ள எவன்?" என்று நீலாம்பாள் கத்தினாள்.

நடராஜ் ஜன்னலுக்கு ஓடினான். கீழே மருந்துக்கடைக்கும் இவர்களுக்கும் ஒரே போன் லைன். "அண்ணாச்சி! போனை வைங்க! போனை வைங்க!"

மருந்துக்கடை இஸ்ரவேல் அண்ணாச்சி பதறிப்போய் மாடிப்படி ஏறி வந்தார். "என்னடே, யாருக்கு சீரியஸ்?"

"செண்பகவல்லிக்கு," என்றாள் சங்கரி.

"எந்த ஆஸ்பத்திரியில?"

"ஆஸ்பத்திரி இல்ல அண்ணாச்சி, அரண்மனை வாசல்ல நிக்கா. நீங்க போனை எடுத்ததுல கதவு பாதியில நிக்கு."

அண்ணாச்சிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் இரண்டு பெண்பிள்ளைகள் முகத்தைப் பார்த்ததும் விஷயம் பெரிசு என்று மட்டும் புரிந்தது. "நான் போய் போன்கிட்ட நிக்கேன். ஒரு பயலைத் தொட விடமாட்டேன்" என்று இறங்கி ஓடினார்.

படம் மறுபடி முதலிலிருந்து இறங்கியது. கதவு மறுபடி திறந்தது. உள்ளே நின்றது ஜமீன்தார்தான், கையில் ஒரு பழைய சிறு பட்டுச்சேலை. "என் மகள் என்றால் இதன் முந்தானையில் முடிச்சைப் போடு" என்றார். அவள் வாங்கினாள். ஒரு முடிச்சுக்கூடப் போடவில்லை. "உங்களிடம் நான் பொய் சொல்லப்போவதில்லை அப்பா" என்றாள்.

முற்றும்.

நீலாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சங்கரியும் துடைத்துக்கொண்டாள். இருவரும் ஒரே முந்தானையில் துடைத்தார்கள், அது யாருடையது என்று பார்க்கவில்லை.

"பெரியம்மா, இன்னொரு தாளும் இருக்கு. முதல் தாளோட தலைப் பக்கம். மறந்துபோய்க் கடைசியா அனுப்பியிருக்காங்க," என்றாள் ஷமீம்.

அதுவும் பைய இறங்கியது. கதையின் பேர். அதன் மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு நீள்வட்டம். ஊதா நிறம். வட்டத்துக்குள் எழுத்து: ஆ. ஆறுமுகநயினார். அதற்குக் கீழே: படித்துவிட்டுத் திருப்பித் தரவும்.

"மாமா!" என்றாள் நீலாம்பாள்.

"நம்ம வீட்டுத் தாளு," என்றாள் சங்கரி. "அதே தாளு. திரும்பி வந்துட்டு."

"வந்துட்டா?" நீலாம்பாள் திரையைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் சுள்ளென்று ஏதோ கடித்தது. "ஷமீம், தாளு இப்ப அந்த அம்மாகிட்ட இருக்கா, நம்மகிட்ட இருக்கா?"

"ரெண்டு இடத்துலயும் இருக்கு பெரியம்மா."

"குடுத்தும் வச்சிருக்கா."

"ஆமா."

நீலாம்பாள் அதை யோசித்தாள். அத்தை இருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? கொடுத்தால் போய்விடும் என்றுதான் அவள் தெருவை அடைத்தாள். கொடுத்தும் போகாத ஒன்று வரும் என்று அவளிடம் யார் சொல்லியிருப்பார்கள்? "நல்ல வித்தைதான் பாத்துக்க," என்றாள் மகனிடம். "இதைச் செத்துப்போச்சு, அதைச் செத்துப்போச்சுன்னு சொல்லாம இதை மட்டும் செய்யி. ஆயிரம் வருசம் இருப்ப."

நடராஜ் சிரித்துக்கொண்டே இரண்டு சி.டி.யை எடுத்து நீட்டினான். "இந்தாங்க. முழுக்கதை. ஆளுக்கு ஒண்ணு. சித்தி, இதைக் கைப்பையில வச்சுக்கிடுங்க. இனிமே அந்தப் புஸ்தகத்தைச் சுமக்க வேண்டாம்."

சங்கரி சி.டி.யை வாங்கினாள். அதில் பொட்டைச் சரி பார்த்துக்கொண்டாள். "இது அனுராதாவுக்கு. அவ ஆபீஸ்ல வச்சுப் பாத்துக்கிடுவா. நான் ஏரோப்ளேன்ல எதைப் படிக்க? இருபது மணி நேரமாம்லா." கையை நீட்டினாள். "அக்கா, மொதப் பாகம்."

"தரமாட்டேன்."

"என்னதை இங்கன வச்சுட்டுப் போறேன். அடமானம்."

நீலாம்பாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு துண்டில் சுற்றிய முதல் பாகத்தை எடுத்து அவள் மடியில் வைத்தாள். "பன்னெண்டாம் அத்தியாயத்துல தைலக்காரி படத்தை மடக்காத. ஊறுகாய் ஜாடி பக்கத்துல வைக்காத. வரும்போது கையோட கொண்டு வா. உன் பேத்தியைக் கொண்டு வராட்டாலும் இதைக் கொண்டு வா."

"பேரன்னா?"

"பேரனையும் விட்டுட்டு வா."

"இந்தக் கடைசி வாரத்தையும் தாள்லயே எடுத்துருவோம் சித்தி," என்றான் நடராஜ். பிரிண்டரைப் போட்டுவிட்டு, "ரெண்டு காப்பி எடுக்கேன், என்ன? அம்மாவுக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு" என்றான்.

"ஒண்ணு போதும்!"

இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள். நடராஜுக்கு விளங்கவில்லை. ரெண்டு எடுப்பது ஒரு பொத்தானை அமுக்குகிற வேலை என்று விளக்கப் பார்த்தான். ஷமீம் அவன் கையைப் பொத்தானிலிருந்து பைய நகர்த்தி வைத்தாள்.

தாள் வெளியே வந்தது, வெதுவெதுப்பாக, மை காயாமல். மாமனாரின் முத்திரை ஊதாவுக்குப் பதில் கொஞ்சம் நீலமாக விழுந்திருந்தது. பிரிண்டர் அதைக் கீழே போடுவதற்குள் அதன் ஒரு ஓரத்தை நீலாம்பாள் பிடித்தாள், மறு ஓரத்தைச் சங்கரி பிடித்தாள். கீழேயிருந்து இஸ்ரவேல் அண்ணாச்சி, "கதவு திறந்துட்டா தாயி?" என்று கத்தினார்.

சங்கரி தாளை விடாமல், தலையைச் சாய்த்து, மிக மரியாதையாகக் கேட்டாள்:

"சரிக்கா, இதை எந்தப் பாகத்தோட சேத்து பைண்டு பண்ண?"